பதினொன்றாம் எண் செடி

மாடிக் கதவின் பூட்டு நான்காவது சாவிக்குத்தான் திறந்தது. சேதுபதி கதவைத் தள்ளிவிட்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொடியைத் தேடினார். தம்பி கார்மேகத்துக்கு உடுத்திவிட ஒரு வேட்டி வேண்டும். கீழே அறையில் இருந்த பெட்டியில் பேண்ட்டும் லுங்கியும்தான் கிடந்தன. நல்ல வேட்டி மாடியில் காய்கிறது என்று அறைத்தோழன் பாலகுரு சொல்லியிருந்தான்.

வேட்டி இருந்தது. நேற்றுக் காலை கார்மேகமே துவைத்துப் போட்டது. அதன் பிறகு கடைக்குப் போனவன், மதியத்துக்குள் தையல் மிஷின்மேல் தலை சாய்ந்து போய்விட்டான். எடுக்கக் கை நீட்டிய சேதுபதி அப்படியே நின்றார்.

கொடிக்கு அப்பால், கைப்பிடிச் சுவரை ஒட்டி, பெரிய பெயிண்ட் டப்பாக்கள் வரிசையாக நின்றன. டப்பாவுக்கு ஒரு செடி. இடுப்பளவு உயரம். ஒரு காம்பிலிருந்து ஐந்து விரல் விரித்த இலைகள்; விளிம்பெல்லாம் ரம்பப் பல்.

அவர் எண்ணினார். பத்தொன்பது.

ஊர்க் கோர்ட்டில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்துத் தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவர் சேதுபதி. அதில் ஒன்பது வருடம் சான்றுப்பொருள் அறையின் சாவி அவரிடம் இருந்தது. மூட்டை மூட்டையாக வந்த கஞ்சாவுக்கு எண் எழுதிச் சீட்டு ஒட்டியவர். காய்ந்து நொறுங்கிய அந்த விரல் இலையை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த அரபு நாட்டில் அதற்கு என்ன நடக்கும் என்பதும் தெரியும். இருமல் மருந்து கொண்டுவருவதற்கே டாக்டர் சீட்டு வேண்டும் என்று சார்ஜாவில் இருக்கும் மகள் இளவேனில், அவர் புறப்படும் முன்பே மூன்று தடவை போனில் சொல்லியிருந்தாள்.

சட்டைப்பையில் செல்போன் அடித்தது. மருமகன் சதீஷ்குமார்.

"மாமா, ஹாஸ்பிடல் பேப்பர் ரெடி. ரூமைப் பாக்க ஒரு மணிக்குள்ள போலீஸ் வருவாங்களாம். சும்மா ஃபார்மாலிட்டி. நாலு மணிக்கு நாம மார்ச்சுவரில இருக்கணும்."

"ரூமை மட்டுமா?"

"வேற என்ன மாமா இருக்கு அங்க?"

"ஒண்ணுமில்ல" என்று சொல்லி வைத்தார். மணி பன்னிரண்டரை.

கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் தையல்கடை அளவு நோட்டு தொங்கியது. எடுத்துப் புரட்டினார். உள்ளே இடுப்பு, தோள் அளவு எதுவும் இல்லை. எண்கள். தம்பியின் குண்டுக் கையெழுத்து.

'3 – ஜூலை தாங்கவில்லை. பிடுங்கியாச்சு.'

'7 – வெயில் தாங்குது. சாரம் இல்லை.'

'14 – நல்ல வளர்த்தி. நாக்கில் நிற்கவில்லை.'

செடிகளைப் பார்த்தார். ஒவ்வொன்றின் தண்டிலும் தைக்கக் கொடுத்த துணியில் குத்துவதுபோல எண் எழுதிய துணித்துண்டு. ஐந்து செடிகளுக்கு மட்டும் நுனியில் வெள்ளை லைனிங் துணியில் பை தைத்து மாட்டி, நூலால் கட்டியிருந்தது. எதற்கு இந்தப் பை? வெயிலுக்கா? யார் கண்ணிலும் படாமல் இருக்கவா? ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தை மறந்து அவர் பக்கங்களைத் திருப்பினார். கடைசிப் பக்கத்தில், சென்ற மாதத் தேதியிட்டு ஒரு குறிப்பு:

'11 – ஒரு கட்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாராம். இதைத்தான் விதைக்கு விடணும்.'

வாங்கியவன் பெயர் இல்லை. பெயர் எழுதாத கவனம்கூடத் தம்பிக்கு இருந்திருக்கிறது.

படி முனையில் நின்று கீழே குரல் கொடுத்தார். "பாலகுரு! இந்த மாடிக்கு யாராரு வருவா?"

"எங்களையெல்லாம் அண்ணன் ஏற விடமாட்டாருங்கய்யா" என்றான் பாலகுரு, கீழிருந்து அண்ணாந்து. "காலைல டூட்டிக்கு முன்னாடி ஏறுவாரு. ஒவ்வொரு செடியிலயும் ஒரு இலையக் கிள்ளி மெல்லுவாராம். எறங்கி வரும்போது பாக்கணுமே, கண்ணு ரெண்டும் சொருகிப்போயி, மூஞ்சி கோணி... நாங்க எல்லாம் அப்பிடிச் சிரிப்போம். வெள்ளிக்கெழமையானா எங்களுக்கும் பங்கு உண்டுங்கய்யா. அது என்னன்னா..."

"போதும்."

மேலே ஒன்றும் கேட்காமல் கதவைச் சாத்தினார். ஒரு கேள்வி கேட்டால் பத்துப் பேருக்குத் தெரியும். தெரிந்தால் தம்பியின் உடல் இந்த மண்ணைவிட்டு எப்போது கிளம்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. இளவேனிலின் விசா, மருமகன் வேலை, ஊரில் அப்பா பெயர் எல்லாம் போகும்.

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு முதல் செடியைப் பிடித்து இழுத்தார்.

தண்டெல்லாம் கண்ணுக்குத் தெரியாத முள். உள்ளங்கையில் நறுக்கு நறுக்கென்று ஏறியது. விடவில்லை. பிடுங்கியதும் எண் துண்டை அறுத்துச் சட்டைப்பைக்குள் போட்டார்; துணிப்பைகளையும் உருவினார். கோர்ட்டில் எண் இல்லாத பொருள் எதையும் நிரூபிக்காது. பத்தொன்பதையும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குவித்து, கிடந்த தார்ப்பாயை இழுத்து மூடியபோது வேர்த்து மூச்சு வாங்கியது. வேட்டியை மறந்தே கீழே இறங்கினார்.

போலீஸ்காரர் சின்ன வயது. கட்டிலைப் பார்த்தார், பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார், பாலகுருவிடம் இந்தியில் நாலு கேள்வி கேட்டு எழுதிக்கொண்டார். போகும்போது சேதுபதியின் தோளைத் தொட்டு மெதுவாக ஏதோ சொன்னார். மாடிப்படி இருந்த பக்கம் அவர் திரும்பக்கூட இல்லை.

ஜீப் கிளம்பிய இடத்திலேயே ஒரு டாக்சி வந்து நின்றது. இளவேனில் இறங்கினாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"வேட்டி எடுத்தாச்சாப்பா?"

"மேல இருக்கு. நான் எடுத்தாறேன்."

"நீங்க உக்காருங்க." அவர் எழுவதற்குள் அவள் பாதிப் படி ஏறிவிட்டாள். அவர் பின்னால் போனார்.

கொடியிலிருந்து வேட்டியை எடுத்தவள் காலி டப்பாக்களைப் பார்த்தாள். சிதறிய மண்ணின் வழியே நடந்து தார்ப்பாயைத் தூக்கினாள்.

"அப்பா... சித்தப்பா கீரைய யாரு இப்பிடிப் பிடுங்கினது?"

"கீரையா?"

"புளிச்சக்கீரைப்பா."

சேதுபதி குனிந்து அந்த இலையைத் திருப்பிப் பார்த்தார். புளிச்சக்கீரைக் கடைசல் அவருக்கு உயிர். ஆனால் அறுபத்துநாலு வயதுவரை அவர் சந்தைக்குப் போனதில்லை, அடுப்படிக்குள் நுழைந்ததில்லை. அது செடியாக எப்படி நிற்கும் என்று பார்த்ததே இல்லை.

"கோர்ட்டுல இந்த இலைய..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

இளவேனில் இலையைப் பார்த்தாள். அவர் கையைப் பார்த்தாள். புரிந்தது.

"போன மாசம் கடைசல் வெச்சேனே, ஞாபகம் இருக்கா? ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்க. நம்ம ஊர் புளிப்பு அப்படியே இருக்கு, எந்தக் கடைன்னு கேட்டீங்க."

"லுலுன்னு... ஏதோ கடை சொன்னே."

"கடை இல்லப்பா. சித்தப்பா கொண்டாந்தாங்க. லிஃப்ட்டுகிட்டயே நின்னு குடுத்துட்டுப் போயிட்டாங்க. மேல வாங்க சித்தப்பான்னேன். 'ஜாக்கெட் தைக்கிறவன் என் வாசப்படி ஏறக்கூடாதுன்னாரு உங்கப்பா. அவரு வான்னு சொல்லட்டும் தாயி, பறந்து வர்றேன்'னு சிரிச்சாங்க."

அவர் அதைச் சொல்லி இருபத்துமூன்று வருடம் ஆகியிருந்தது. இங்கே வந்து நாற்பது நாள். சின்னவன்தானே முதலில் வந்து பார்க்க வேண்டும் என்று அவர் காத்திருந்தார்.

"இந்த ஊர் வெயில்ல வளருது, ஆனா புளிக்க மாட்டேங்குதாம்" என்றாள் அவள். "ஆறு வருஷமா பண்றாங்க. விதைய முளைக்கவெச்சு, மென்னு பாத்து, புளிக்காததையெல்லாம் பிடுங்கிருவாங்க. நல்லா புளிக்கிற அஞ்சாறுக்கு மட்டும் பூ விரியறதுக்கு முந்தியே பை கட்டிருவாங்க, மத்த பூ மகரந்தம் ஒட்டாம. இந்தத் தடவைதான் சரியா ஒண்ணு வந்திருக்குன்னு சொன்னாங்க. காய் முத்தினதும் விதைய உங்ககிட்டக் குடுத்து ஊருக்கு அனுப்பணும்னு..."

முடிக்காமல் வேட்டியில் முகத்தைத் துடைக்கப் போனவள், என்ன துணி என்று பார்த்துக் கையை இறக்கிக்கொண்டாள்.

"பதினொண்ணு" என்றார் சேதுபதி.

"என்னப்பா?"

அவர் சட்டைப்பையைக் கவிழ்த்தார். பத்தொன்பது எண் துண்டுகள் உள்ளங்கையில் விழுந்தன. 11 இருந்தது. எந்தத் தண்டில் இருந்து அறுத்தது என்பதுதான் தெரியவில்லை. குவியலில் பை கட்டிய ஐந்து செடிகளில் மட்டும்தான் காய்கள் இருக்கும் என்று நினைத்தார். ஆனால் எல்லாச் செடியிலும் காய்கள் இருந்தன. பைகளை உருவியதும் அவர்தான்.

"மணி ரெண்டேகால்ப்பா. ட்ராஃபிக் இருக்கும்."

"நீ கீழ போ. வேட்டிய மடிச்சு வையி. வாரேன்."

அவள் சற்று நின்றுவிட்டு இறங்கினாள்.

சேதுபதி காலி டப்பா ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். தார்ப்பாயை முழுவதும் விலக்கி, செடிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தரையில் வரிசையாகப் படுக்கவைத்தார். விரல்களில் ஏறிய முள் ஒவ்வொரு தடவையும் குத்தியது. முதல் செடியில் வாடத் தொடங்கிய ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றார். வெறும் தழை. இரண்டாவது கொஞ்சம் புளித்தது, விழுங்கியதும் போய்விட்டது. அதை இடதுபக்கம் தள்ளினார். மூன்றாவது. நான்காவது.

கீழே டாக்சி ஒருமுறை ஹாரன் அடித்தது.

ஒன்பதாவது இலையில் அவர் கண்கள் தாமாக மூடின. முகம் கோணியது. விழுங்கிய பிறகும் அது நாக்கில் நின்றது. அந்தச் செடியை மற்றவை படாமல் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, சரிதானா என்று பார்க்க, பத்தாவதில் ஓர் இலையைக் கிள்ளினார்.