வேல்விழி குடித்த உப்புத் தண்ணீர்

வேல்விழிக்குக் காய்ச்சல் வந்ததிலிருந்து அவள் அம்மா அருணாதேவிக்கு உயிர் கையில் இல்லை. ஆறு வயதுப் பிள்ளை. கஞ்சி கொடுத்தாலும் வாந்தி, இளநீர் கொடுத்தாலும் வாந்தி. "உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்துக்கிட்டே இருங்க. உடம்புல தண்ணி வத்த விட்டுறாதீங்க" என்று டாக்டர் சொல்லியனுப்பியிருந்தார். சொல்வது அவருக்குச் சுலபம். குடிக்க வைப்பது யார்?

அவர் கொடுத்த பொடி மத்தியானத்தோடு தீர்ந்துவிட்டது. பிள்ளையைத் தனியே விட்டு ஆமத்தூர்க் கடைவீதிக்குப் போக அவளுக்கு மனம் வரவில்லை. வீட்டிலேயே கலக்கலாம் என்று உப்பு டப்பாவைத் திறந்தால் அடியில் ஈரம்தான் இருந்தது. அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு கவரில் வெள்ளைத் தூள் முடிந்து கிடந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தாள், கரித்தது. ஒரு ஸ்பூன் அள்ளிப் போட்டு, சீனியைத் தாராளமாகக் கொட்டிக் கலக்கினாள்.

"எங்கம்மால்ல, ஒரு மடக்குக் குடிச்சிரு."

பிள்ளை குடித்துப் பார்த்து, "குளுகுளுன்னு இருக்கும்மா" என்றது. டம்ளர் காலியானது. வாந்தியும் வரவில்லை. அருணாதேவிக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

அவள் புருஷன் பாண்டிச்செல்வம் நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் வேலை பார்ப்பவன். சீசன் சமயத்தில் வீட்டுக் கொட்டகையிலும் திருட்டுத்தனமாக வெடி செய்து விற்பான். லைசென்ஸும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. ரெய்டு வருகிறது என்று யாரோ கிளப்பிவிட, முந்தின நாள்தான் கொட்டகையை அவசர அவசரமாகக் காலி செய்து, சாமானை வீட்டுக்குள் பதுக்கியிருந்தான். சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தவன் கண்ணில் முதலில் பட்டது அடுப்படியில் அவிழ்ந்து கிடந்த கவர்.

"இத எதுக்குடி எடுத்த?"

"பிள்ளைக்குக் கரைச்சுக் குடுத்தேன். உப்புத்தான?"

"அடிப்பாவி, அது வெடியுப்புடி! வெடிக்குப் போடுற மருந்து!"

ஆஸ்பத்திரிக்குப் பைக்கில் போகும்போது பிள்ளையின் உதடு நீலம் பாரித்துக்கொண்டு வந்தது. வாந்தி எடுக்கக் கூடாது என்று இத்தனை நேரமும் வேண்டியவள், இப்போது தொண்டைக்குள் விரலை விட்டு, "எடுத்துரு தாயி, எடுத்துரு" என்று கதறினாள். சொட்டுக்கூட வெளியே வரவில்லை.

ஆஸ்பத்திரியில், "கடைசியா என்ன குடுத்தீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"உப்புத் தண்ணி சார்" என்றான் பாண்டிச்செல்வம். உண்மையைச் சொன்னால் கேஸ், ஜெயில். பேசாதே என்று அருணாதேவியின் கையை அழுத்தினான். அவள் உதறித் தள்ளினாள்.

"சொல்லுங்க! டாக்டர் கேக்காருல்ல? ஜெயிலுக்குப் போனா நான் வந்து பாக்கேன். பிள்ளை போனா எங்கன போய்ப் பாப்பேன்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "வெடியுப்பு சார். வீட்டுல வச்சிருந்தேன்."

டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டுக்கொண்டே திரும்பினார். "எவ்வளவு குடிச்சா?"

அருணாதேவி முன்னால் வந்தாள்.

"முழு டம்ளரும் சார். ஒரு சொட்டு மிச்சம் வைக்காம நான்தான் குடிக்க வச்சேன்."