ஞாயிற்றுக்கிழமையும் கடலில் இருந்த படகு

பச்சைக் கோடு ஏறிக்கொண்டே இருக்கிறது, இறங்கத் தெரியாத பிள்ளை தென்னையில் ஏறுவதுபோல, அண்ணன் சூசையும் அப்படித்தான் ஏறிவிட்டு உச்சியிலிருந்து, ஏட்டி ஜெசிந்தா, அப்பாவக் கூப்பிடுட்டி, என்று கத்துவான், இவள் கீழே நின்று சிரிப்பாள், ஒன்பது வயது அவனுக்கு, ஆறு இவளுக்கு, இப்போது முப்பத்தொன்றாகி, பூசைக்கு உடுத்திய சேலையோடு தூத்துக்குடி அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்து சர்வரின் மெமரி நிரம்புவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கோடு உச்சியைத் தொட்டால் சர்வர் விழும், விழுந்து எழ ஆறு நிமிடம், அந்த ஆறு நிமிடமும் கரைவீடுகளின் செல்போன்களில் படகுப் புள்ளிகள் ஒன்றுகூட இருக்காது, புருசனைப் புள்ளியாகப் பார்த்துக்கொண்டே மீன் அரிகிற பெண்கள் அரிவாள்மனையை விட்டு எழுந்துவிடுவார்கள். முதலில் மாதம் ஒருமுறை விழுந்தது, பிறகு வாரம் ஒருமுறை, இப்போது தினமும் விழுகிறது. தெற்கே காற்றழுத்தத் தாழ்வு உருவாகிறதாம், கடலுக்குப் போகத் தடை இன்னும் சொல்லவில்லை, நாளை விடியலில் நூற்று நாற்பது படகு இறங்கும், திரும்பி வாருங்கள் என்று சொல்லவேண்டிய நேரத்தில் இது மயங்கிக் கிடந்தால் எந்த வீட்டு வாசலில் போய் நிற்பது. சாக்கட அடச்சா வீடு நெறையத்தான செய்யும், அடப்பு எங்கன்னு பாப்போம், என்பான் கூட வேலை செய்யும் இசக்கிராஜா, மூன்று வாரமாக இருவரும் கையை விட்டுத் துழாவுகிறார்கள், சேறுகூடத் தட்டுப்படவில்லை.

இந்த நிரலை எழுதியவளும் அவள்தான், நாலு வருடத்துக்கு முன்னால். ஒரு தாய் நிரல், கடலில் இறங்கும் ஒவ்வொரு படகுக்கும் அது ஒரு பிள்ளை நிரலைப் பெறும், பிள்ளை தன் படகிலிருந்து ஓயாமல் ஓடிவரும் தகவலை வாங்கிக் கரைக்குக் காட்டும், கரையிலிருந்து மணிக்கொரு முறை போகும் காற்றுப் படத்தையும் வீட்டார் மெசேஜையும் படகிடம் கொடுக்கும், படகு எட்டாத தூரத்தில் இருந்தால் எட்டும்வரை எல்லாவற்றையும் மெமரி என்னும் மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கும், சர்வர் விழுந்து எழுந்தாலும் சேராததை மறுபடி மடியில் வாரிக்கொள்ளும். சரி, பிள்ள எப்ப வேலய முடிக்கும், என்று இசக்கிராஜா கேட்டான், அன்று அலுவலகம் பார்க்க வந்திருந்த சூசை சுழல்நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டே, அந்தந்த வீட்டுப் பொம்பளைய ஒரு பொத்தான அமுக்கச் சொல்லுங்க, கரை வந்தாச்சுன்னு, அவளுக்குத் தெரியாமலா நாங்க வருவோம், என்றான், எல்லோரும் சிரித்தார்கள், இவள் அப்படியே எழுதினாள், வீட்டார் அந்தப் பொத்தானை அமுக்கினால்தான் பிள்ளை மடியைக் காலிசெய்து ஓயும். வரலேன்னா, என்றான் இசக்கிராஜா, வயல்காட்டுப் பிள்ளை, கடல் தெரியாதவன். வாயக் கழுவுடே, என்று இவள் பொரிந்து தள்ளிவிட்டாள். கடலுக்குப் போனவனைப் பற்றி அந்தச் சொல்லை இவர்கள் வீட்டில் யாரும் வாயில் எடுப்பதில்லை, அவள் விரலும் எடுக்கவில்லை, எழுதவேண்டிய அந்த ஒரு வரி எழுதப்படவே இல்லை.

இன்று காலை மாதா கோயில் பூசையில் சாமியார் பிரசங்கம் நீண்டுகொண்டே போகிறது, ஆண்கள் பக்கம் பாதித் தலைகள் தூங்கி வழிகின்றன, ஊர் ஆம்பளையெல்லாம் இங்கேதான் இருக்கிறார்கள் என்று நினைத்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள், ஞாயிற்றுக்கிழமை எந்தப் படகும் கடலுக்குப் போகாது, அப்படியென்றால் இன்று ஒரு பிள்ளையும் உயிரோடு இருக்கக்கூடாது. நற்கருணை வாங்கிய கையோடு பஸ் ஏறி வந்துவிட்டாள், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டுத் தட்டினாள், பூஜ்யம் வரவேண்டிய இடத்தில் ஒன்று வந்தது. பெயரைப் பார்க்கும் முன்பே தெரிந்துவிட்டது, சந்தன மாதா, மூன்று வருடத்துக்கு முன் ஒற்றை ஆளாகத் தூண்டிலுக்குப் போன சூசையின் படகு, அவனும் கிடைக்கவில்லை, படகும் கிடைக்கவில்லை. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவார்கள் என்பார்கள், இவள் அந்தக் கையைப் பார்க்கவே பயந்துபோய் இருந்திருக்கிறாள்.

மடியைத் திறந்தாள். இருபத்தாறாயிரம் காற்றுப் படங்கள், நடுநடுவே சூசைக்கு அவன் மனைவி, மதினி அமலி, தினமும் அனுப்பிய மெசேஜ்கள். மூணாவது மாசம், வாந்தி நிக்கல. பொம்பளப்புள்ள, உங்க மூக்கு. இன்னைக்கு நடந்துட்டா, நாலு எட்டு. உங்க தங்கச்சி ஒழுங்கா சாப்புடுதது இல்ல, வந்து என்னன்னு கேளுங்க. நேற்றுச் சாயங்காலம், மழ வரும்போல இருக்கு, துணிய எடுத்துட்டேன். அந்தப் பிள்ளை நிரலை ஒரே கட்டளையில் நிறுத்திவிடலாம், ஆனால் அவளால் முடியவில்லை, அழுதாள், மூக்கைச் சிந்தினாள், மதினிக்குப் போன் போட்டாள். மதினி, ஒண்ணு சொல்லணும். சொல்லு பிள்ள. சொன்னாள், தட்டுத்தடுமாறி, கோடு, மெமரி, ஆறு நிமிடம், நாளை இறங்கும் படகுகள், எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப்பக்கம் குழந்தை கரண்டியால் தட்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது. நான் அனுப்புனதெல்லாம் படிச்சியா. படிச்சேன் மதினி, தனியா எடுத்தும் வச்சுட்டேன். வையி, புள்ள பெரிசானா கேப்பா, என்றாள் அமலி. அப்புறம், அனுப்புனது ஒண்ணும் போய்ச் சேரலேன்னு எனக்குத் தெரியும் பிள்ள, அவுகளுக்காகத்தான் அந்தப் பொத்தான விட்டுவச்சிருந்தேன், வந்து நிக்கயில அமுக்கணும்லா, என்றாள். புள்ளி இல்லாத போனப் பாத்துட்டு உக்காந்திருக்கது என்னன்னு எனக்குத் தெரியும், அது இன்னொருத்திக்கு வேண்டாம், நீ அங்கன ஒண்ணும் செய்யாத, நானே அமுக்குதேன்.

கோடு மளமளவென்று இறங்கியது, தரையைத் தொட்டுப் படுத்துக்கொண்டது, எண்ணிக்கை பூஜ்யம் என்றது, இனி சர்வர் நாளைக்கு விழாது. அப்போது ஜெசிந்தாவின் காதோரத்தில் செல்போன் அதிர்ந்தது, எடுத்துப் பார்த்தாள், பொத்தான் அமுக்கியதும் வீட்டார் எல்லோருக்கும் தானாகப் போகிற மெசேஜ், சந்தன மாதா கரை வந்தது. எனக்கும் வந்துருக்கு பிள்ள, என்றாள் அமலி, மூன்று வருடமாக யார் முன்னாலும் அழாதவள் வாய்விட்டு அழுதாள். அந்த வாக்கியத்தை எழுதியது ஜெசிந்தாதான், அது ஏன் வந்தது என்றும் தெரியும், ஆனாலும் எழுந்து ஜன்னலுக்குப் போய்த் துறைமுகப் பக்கம் பார்த்தாள்.