பதினொரு வீடுகள்

ஊர் சுற்ற வந்த இடத்திலும் சுவரைத்தான் பார்ப்பாயா என்று கணவர் முதல் நாளே கேலி செய்தார். இருபத்திரண்டு வருடம் நகராட்சியில் கட்டட இன்ஜினியராக இருந்தவளுக்குக் கண் வேறு எங்கே போகும்? நானூறு வருடப் பழைய துறைமுக ஊர். கடலை ஒட்டிய பாறையின் மேல் தோளோடு தோள் உரசி நின்ற பதினொரு கல்வீடுகளில், நடுவீட்டு மாடியில் தங்கியிருந்தார்கள். ஒரு வாரம் காலை நீட்டிச் சும்மா கிடப்பதற்கென்றுதான் கடல் கடந்து வந்ததே.

ஜன்னல் மூலையிலிருந்து கட்டில் தலைமாட்டுக்கு ஒரு விரிசல் சாய்வாக இறங்கியது. அதன் நுனியில் பென்சிலால் கோடு போட்டு வைத்தாள். மறுநாள் காலையில் விரிசல் கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. நேற்று ஒழுங்காகச் சாத்திக்கொண்ட குளியலறைக் கதவு இன்று நிலையில் முட்டியது.

வீட்டுக்கார அம்மா நம் பாஷைக்காரர். கல்யாணமாகி வந்து முப்பது வருடமாக அங்கேயே இருப்பவர்.

"பழைய வீடுன்னா கீறல் இருக்கத்தானே செய்யும்? என் மாமியார் காலத்துலேர்ந்து இருக்கு."

"இருக்கறது பரவாயில்லம்மா. வளருது. அதான் பயமா இருக்கு."

"தங்க வந்தவங்க யாரும் இப்படிச் சொன்னதில்ல" என்றார் அவர், முகம் சிறுத்து.

அன்று மத்தியானமே அவள் பெட்டியைக் கட்டினாள். வரிசையின் கடைசி வீட்டில் அறை கிடைத்தது. வெள்ளையடித்த சுவர் பளிச்சென்று இருந்தது. "இங்கயாவது என்னைத் தூங்க விடு தாயே" என்று கணவர் படுத்துவிட்டார். அவளுக்குத்தான் மனசு கேட்கவில்லை. அந்த அம்மாவை அப்படியே விட்டுவிடுவதா? செல்போனில் எடுத்த படங்களோடு ஊர் அலுவலகத்துக்கு நடந்தாள்.

அதிகாரி படங்களைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் அவளோடு கிளம்பி வந்தார். நடுவீட்டு விரிசலில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு பின்பக்கப் படிகளில் கடல்மட்டம் வரை இறங்கிப் போனார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. வீட்டுக்கார அம்மாவிடம் இரண்டே வார்த்தை பேசினார்.

"என்ன சொல்றார்?"

"அடியில பாறையே இல்லையாம். அலை பூந்து அரிச்சிடுச்சாம்."

"உங்க வீட்டுக்கு அடியிலயா?"

அதிகாரி வாசலில் சிவப்பு நாடாவைக் கட்டினார். அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார். அதற்கடுத்த வீட்டையும் தட்டினார். நாடா நிற்காமல் நீண்டுகொண்டே போனது.

அவள் கடைசி வீட்டை நோக்கி ஓடினாள். அறைக்கதவு அசையவில்லை.

"ஏங்க, எழுந்திருங்க. கதவை உள்ளேருந்து இழுங்க."

"தாழ்ப்பாள் போடலியே. ஏன் திறக்க மாட்டேங்குது?" அவர் குரலில் கேலி இல்லை.

பின்னாலேயே வந்த அதிகாரியும் அவளும் தோள் கொடுத்தார்கள். மூன்றாவது முட்டலில் கதவு விட்டுக்கொடுத்தது. உள்ளே சுண்ணாம்பு பாளம் பாளமாகத் தரையில் உதிர்ந்து கிடந்தது. கணவர் வெறுங்காலோடு அவள் கையைப் பற்றிக்கொண்டு இறங்கினார்.

வெளியே நல்ல வெயில். பதினொரு வீட்டாரும் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு எதிர்ச்சாரியில் நின்றார்கள். யாரும் விட்டுப்போகவில்லை என்று அதிகாரி தலைகளை எண்ணி முடித்தபோது, காலடியில் தரை ஒருமுறை உறுமியது. நடுவீட்டின் பின்பக்கம் மெல்லச் சரிந்தது.

புழுதி அடங்கச் சற்று நேரமானது. வீட்டுக்கார அம்மா திறந்து கிடந்த தன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் சமையலறை இருந்த இடத்துல கடல் தெரியுது" என்றார், யாரிடமும் சொல்லாத மாதிரி.