ஆறாவது ஆள்

பின்னலாடை ஆலைக்குப் பின்னால் இருந்த மைதானத்தில், ஷிஃப்ட் முடிந்ததும் ஒரு மணி நேரம் பெண்கள் வாலிபால் ஆடலாம். ஆலை திறந்த புதிதில் இரண்டு அணிக்குப் பெண்கள் இருந்தார்கள். களத்தில் இடம் பிடிக்க அடித்துக்கொண்டார்கள். அப்புறம் ஒருத்திக்குக் கல்யாணம், ஒருத்திக்குப் பிரசவம், இன்னொருத்தியின் மாமியாருக்கு முட்டிவலி. முட்டிவலி மாமியாருக்கு, ஆட்டம் நின்றது மருமகளுக்கு. ஆண்களுக்கும்தான் கல்யாணம் ஆனது. அங்கே ஒரு ஆள் குறையவில்லை, தொப்பை மட்டும் கூடியது.

மிச்சம் ஐந்து பெண்கள். அவர்களை இழுத்துப் பிடித்து வைத்திருந்தவள் லிஃப்டர். அடிக்கிறவளுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுத்துக் கொடுத்தே வந்த பட்டப்பெயர்.

சூப்பர்வைசர் கறாராகச் சொல்லிவிட்டார். "மாசக் கடைசி மேட்ச்ல ஆறு பேர் நிக்கணும்மா. இல்லேன்னா உங்க நேரத்தையும் ஆம்பளைங்களுக்கே குடுத்துருவேன்."

அந்த ஒரு மணி நேரமும் போனால் லிஃப்டருக்கென்று என்ன இருக்கிறது? தையல் மெஷினும் அடுப்பும்தான். நேராகத் தம்பி வீட்டுக்குப் போனாள். தம்பி பெண்டாட்டியும் அதே ஆலைதான். பள்ளியில் பந்தை அடித்துப் பிளந்தவள்.

"எனக்கு மட்டும் ஆசையில்லையா அண்ணி? ஷிஃப்ட் முடிஞ்சா காப்பகத்தப் பூட்டிடறாங்க. பாப்பாவ யாரு பாத்துக்குவா?"

"என் பொண்ணு பாத்துக்குவா. ஸ்கூல் விட்டதும் இங்க வந்துருவா. நீ கெளம்பு."

மகள் மறுபேச்சு பேசவில்லை. தினமும் வந்தாள். தம்பி பெண்டாட்டி ஆடினாள். ஆண்கள் அணியில் இருந்த தம்பி, தன் முறை வரும்வரை மைதான ஓரத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, அக்காவையும் பெண்டாட்டியையும் வாய் ஓயாமல் கிண்டலடித்தான்.

மேட்சில் பெண்கள் மண்ணைக் கவ்வினார்கள். ஆனால் ஆறு பேர் நின்றார்கள். மைதான நேரம் தப்பியது. லிஃப்டருக்குத் தலைகால் புரியவில்லை.

திரும்பும் வழியில் மகளின் பி.டி. டீச்சர் எதிர்ப்பட்டார்.

"பொண்ணுக்கு உடம்பு சரியில்லையாம்மா? பிராக்டிஸுக்கே வரல. மாவட்ட வாலிபால் செலக்‌ஷன் முந்தாநாள் முடிஞ்சிருச்சு. அவதான் போவான்னு நெனச்சிருந்தேன்."

தம்பி வீட்டில் மகள் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பால் ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ மேட்ச்ச விட்டுருப்ப. பாப்பாவ வேற யாரு பாக்குறதாம்?"

லிஃப்டர் தம்பியைப் பார்த்தாள். அவன் கட்டிலில் படுத்து போனை நோண்டிக்கொண்டிருந்தான். இத்தனை நாளும் சும்மா உட்கார்ந்திருந்த பிள்ளையின் அப்பனைக் கேட்கலாம் என்று தன் மண்டையில் ஒரு தடவைகூட உதிக்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"நாளையிலேருந்து இவ வரமாட்டா. நீ பாத்துக்க."

"நானா?" தம்பி சிரித்தே விட்டான். "எனக்கு ஆட்டம் இருக்குக்கா."

அவன் பெண்டாட்டி தலையைக் குனிந்துகொண்டாள். "விடுங்க அண்ணி. நான் ஆட்டத்த நிறுத்திக்கறேன்."

லிஃப்டர் மகளின் தலையைத் தடவினாள். "அடுத்த வருஷம் செலக்‌ஷனுக்கு நீ போற. சரியா?"

"அடுத்த வருஷம் பாப்பா நடக்க ஆரம்பிச்சிருமேம்மா," என்றாள் மகள், பாலை ஆற்றியபடியே. "இப்பவாவது ஒரு எடத்துல கெடக்குது."