கேட்காமல் நடந்தவன்

டார்பரிக் குன்றின் மேல் மூன்று சுற்று மண் மதில் இருக்கிறது. மதிலுக்கும் மதிலுக்கும் நடுவே இரண்டு ஆள் ஆழத்துக்குப் பள்ளம். இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால், வேண்டாதவன் எவனும் மேலே வந்துவிடக் கூடாது என்று ஒரு கூட்டமே சேர்ந்து வெட்டிய கோட்டை. எத்தனை பேர், எத்தனை வருஷம் வெட்டினார்களோ. அதே வேலையை, அடிவாரப் பண்ணை நிலத்தை வாங்கிய ஜூலியன் ஃப்ரேன் ஒரு பூட்டை வைத்து ஒரே மதியத்தில் முடித்துவிட்டார்.

பூட்டு விழுந்தது சாம்வேஸ் பண்ணைக் கேட்டில். அந்தக் கேட்டைத் தாண்டி, பண்ணை வீட்டுச் சமையலறை ஜன்னலை ஒட்டிப் போய், முள்வேலி ஓரமாக ஏறி, ஆட்டு மேய்ச்சலைக் குறுக்கே கடந்தால் இருபத்தைந்து நிமிஷத்தில் கிழக்கு வாசல். வேறு வழி இல்லாமல் இல்லை. மெயின் ரோட்டில் நாலு மைல் சுற்றி, கார் நிறுத்துமிடத்தில் சுற்றுலாக்காரர்களோடு வரிசையில் நின்று, இருநூற்றுப் பதினெட்டு மரப்படி ஏறலாம். காலை நேரத்தில் அந்த ரோட்டில் லாரிகள் போகும். நடைபாதை கிடையாது.

நான் ரொட்டி ஃபேக்டரியில் ராத்திரி ஷிஃப்ட். பத்து முதல் ஆறு. காலை ஆறே முக்காலுக்குப் பஸ் என்னைப் பண்ணைக் கேட்டில் இறக்கிவிடும். மேலே போவேன். வெளி மதிலின் மேல் ஒரு சுற்று. மழையோ பனியோ, ஒரு சுற்று. கீழே இறங்கி வீட்டுக்குப் போனால் தூக்கம் வரும். சுற்றாவிட்டால் வராது. டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாத்திரை போட்டுக்கொண்டு விழித்திருந்தேன். இருபத்தொரு வருஷம் இப்படியே போனது. வேலையை விட்ட கதை சின்னது. சாப்பாட்டு இடைவேளைக்கு வெளியே வந்தவன் திரும்ப உள்ளே போகவில்லை. வலைத்தொப்பி தலையிலேயே இருந்தது. வேலை போனாலும் உடம்புக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. ராத்திரி முழுக்க விழித்திருக்கும், காலையில் குன்றைக் கேட்கும். பூட்டு விழுந்த பிறகு ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் தூங்கினேன். அப்படி ஏழு மாதம் ஆனபோது ஹிலரி பண்டக் என் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

ஹிலரி ஊர் நடைச் சங்கத்தின் செயலாளர். ஞாயிற்றுக்கிழமை நடப்பவர்கள். வரைபடத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். நான் அந்தச் சங்கத்தில் இல்லை. எதிரே வந்தால் காலை வணக்கம் சொல்வார்கள். எனக்கு அது ராத்திரி என்பதால் நான் பதில் சொன்னதில்லை.

எங்கள் நாட்டுச் சட்டம் இதுதான். தனியார் நிலத்தில் ஒரு தடம் இருக்கிறது. ஊர் ஜனம் இருபது வருஷம் வேலியை உடைக்காமல், ஒளிந்து போகாமல், யாரையும் கேட்காமல் அதில் நடந்திருந்தால் அது பொது வழி. பிறகு எந்தக் கொம்பனும் பூட்ட முடியாது. மூன்றில் முக்கியமானது கடைசி. கேட்டு நடந்தால் அது நிலக்காரர் தயவு. தயவை எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம்.

ஹிலரி முப்பத்து நான்கு பேரிடம் சாட்சிப் படிவம் வாங்கி, கவுண்டி என்கிற மாவட்ட ஆபீசுக்கு அனுப்பியிருந்தாள். அதில் இருபத்தெட்டு திரும்பி வந்துவிட்டன. ஒன்பதாவது கேள்வி, நிலக்காரரிடம் எப்போதாவது அனுமதி கேட்டீர்களா என்பது. இருபத்தெட்டுப் பேரும் ஆமாம் என்று எழுதியிருந்தார்கள். சிலர் கோடிட்டு எழுதியிருந்தார்கள். ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜர் கிளைவ் ஆட்டர்போர்ன் தனித் தாள் இணைத்திருந்தார். முப்பத்தொரு வருஷம் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அப்போதைய நிலக்காரர் ஆர்தர் சாம்வேஸுக்கு வீட்டில் போட்ட ஜின் ஒரு பாட்டில் கொண்டுபோய்க் கொடுத்து, வரும் வருஷமும் வந்து போகலாமா என்று கேட்டதாகவும், ஆர்தர் ஒருமுறைகூட மறுத்ததில்லை என்றும் விவரமாக எழுதியிருந்தார். வழி விடச் சொல்லி ஆட்டிடம்கூட மன்னிப்புக் கேட்கிற ஜனம். முப்பத்தொரு வருஷ மரியாதையில் வழி அடைபட்டுப் போனது.

மிச்சம் ஆறு பேர். அவர்களில் நாலு பேர் ஊருக்கு வந்தே பத்து வருஷம்தான். நாயோடு நடக்கிற டிரேசி கிடில் மட்டும் பன்னிரண்டு வருஷம் கணக்குக் காட்டினாள். ஆறாவது ஆள் தபால்காரர், அவர் நடந்ததற்குச் சம்பளம் வாங்கியிருக்கிறார் என்று எதிர்த்தரப்பு சொல்லிவிடும். இருபது வருஷத்துக்கு விடாமல் நடந்த ஆள் ஒருவராவது வேண்டும்.

ஹிலரி என் சமையலறையில் உட்கார்ந்து தேநீரைத் தொடாமல் இருந்தாள். எப்படிச் சொல்வது என்று யோசித்தாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க நெவில். உங்க அளவுக்கு மரியாதை தெரியாத ஆளு எங்களுக்கு ஒருத்தர் வேணும்."

எனக்கு வருத்தமில்லை. படிவத்தை வாங்கிக்கொண்டேன். ஒன்பதாவது கேள்விக்கு இல்லை என்று எழுதினேன். எழுதுவதற்கு முன் பேனா கொஞ்ச நேரம் தாளின் மேல் நின்றது. அதற்குக் காரணம் மேவிஸ் சாம்வேஸ்.

ஆர்தரின் மனைவி. காலை ஆறே முக்காலுக்குச் சமையலறை ஜன்னலில் நிற்பாள். என்னைப் பார்த்ததும் கையில் என்ன இருக்கிறதோ அதை ஆட்டுவாள். கரண்டி, துணி, ஒருமுறை ஒரு முழுக் கோழி. நான் பதிலுக்குக் கை அசைத்ததில்லை. எட்டு மணி நேரம் ரொட்டித் தட்டு தூக்கிய கை. ஆறு வருஷத்துக்கு முன் ஆர்தர் இறந்துபோனார். அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் அவள் ஜன்னலில் இல்லை. ஆர்தரின் கோட்டைப் போட்டுக்கொண்டு, தீவன வாளியோடு கேட்டருகே நின்றாள். அவளைத் தாண்டாமல் போக முடியாது. ஆர்தருக்காக வருத்தப்படுகிறேன் என்று சொன்னேன். அந்த ஊரில் நானாகப் பேசிய முதல் வார்த்தை அதுவாக இருக்கலாம்.

"நீ எப்பவும்போல மேல போயிட்டு வா ராசா," என்றாள். "உன்னை யாரு தடுக்கப்போறா."

நான் நன்றி என்றேன்.

அவ்வளவுதான். ஆனால் சட்டத்தில் அது அனுமதி. கொடுத்தது நிலக்காரி, நன்றி சொல்லி வாங்கிக்கொண்டது நான். அந்த நாளும் என் இருபது வருஷத்துக்குள்ளேயே விழுகிறது. பிறகு அவள் நிலத்தை ஜூலியன் ஃப்ரேனுக்கு விற்று வீட்டை மட்டும் வைத்துக்கொண்டாள். அதை நினைத்துக்கொண்டுதான் இல்லை என்று எழுதினேன். தூக்கமில்லாதவன் எதையும் எழுதுவான்.

விசாரணை ஊர்க் கூடத்தில் நடந்தது, காலை பத்து மணிக்கு. அரசாங்கம் அனுப்பிய விசாரணை அதிகாரி மெலிந்த மனிதர், சொந்த ஃபிளாஸ்க் கொண்டுவந்திருந்தார். ஃப்ரேன் லண்டனிலிருந்து ஒரு வக்கீலம்மாவை அழைத்து வந்திருந்தார். மூன்றாவது வரிசையில், மடியில் கைப்பையோடு மேவிஸ் உட்கார்ந்திருந்தாள். அவள் ஃப்ரேன் தரப்புச் சாட்சி. சாம்வேஸ் குடும்பம் எல்லோருக்கும் அனுமதி கொடுத்துத்தான் விட்டது என்று சொல்ல வந்தவள். ஃப்ரேன் குளிர்காலத்தில் அவள் வீட்டுக்கு விறகு அனுப்புகிறவர், பனி விழுந்தால் அதை அவள் வாசலிலிருந்து தன் டிராக்டரால் தள்ளிக் கொடுக்கிறவர். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. பூட்டு மட்டும்தான்.

முதலில் வக்கீலம்மா கேட்டைப் பற்றிப் பேசினாள். யாரோ தினமும் கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போனதால் ஃப்ரேனின் ஆடுகள் மூன்று முறை ரோட்டுக்கு வந்துவிட்டன, அதனால்தான் பூட்டினார் என்றாள். ஹிலரி எழுந்து, தன் சங்கத்தில் ஒருவர்கூட வாழ்நாளில் ஒரு கேட்டைச் சாத்தாமல் போனதில்லை என்றாள். அதிகாரி அவளை உட்காரச் சொன்னார்.

கிளைவை அழைத்தபோது அவர் ஜின் விஷயத்தை மறுபடி முழுமையாகச் சொன்னார். எந்தப் பழம், எத்தனை மாதம் ஊற வேண்டும் என்பது உட்பட. வக்கீலம்மா அவருக்கு நன்றி சொன்னாள். அவர் பதிலுக்கு நன்றி சொன்னார். ஹிலரி கண்ணை மூடிக்கொண்டாள்.

அடுத்து நான். வக்கீலம்மா என் படிவத்தைப் புரட்டினாள். இருபத்தொரு வருஷமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஜன்னலை ஒட்டியே போனீர்களா, அவர்கள் பார்வையில் படும்படியா? ஆமாம். அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார். ஒளிந்து போகவில்லை என்பது என் பக்கத்துக்கு நல்லது.

"மிஸஸ் சாம்வேஸ் உங்களைப் பார்த்துக் கை ஆட்டுவாங்க, இல்லையா?"

"ஆட்டுவாங்க."

"போங்கன்னு சொல்றதா எடுத்துக்கிட்டீங்க."

"இல்ல. கை ஆட்டுறாங்கன்னு எடுத்துக்கிட்டேன்."

"நீங்க பதிலுக்கு ஆட்டினீங்களா?"

"இல்ல."

"இருபத்தொரு வருஷத்துல ஒரு தடவகூடவா?"

"ஒரு தடவகூட இல்ல."

கூடத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. கிளைவ் தலையை ஆட்டி வருந்தினார்.

"அவங்களோட எப்பவாவது பேசினீங்களா மிஸ்டர் ஸ்டக்கி? ஒரு வார்த்தை?"

மேவிஸ் மூன்றாவது வரிசையில் என் முகத்துக்கு நேராக இருந்தாள். கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடினாள். நான் அவளுக்குப் பின்னால் சுவரில் இருந்த தீயணைப்புக் கருவியைப் பார்த்தேன்.

"இல்ல," என்றேன்.

அதற்குப் பின் அவள் முறை. ஆர்தர் கிளைவுக்கு அனுமதி கொடுத்தார், ஆமாம். நடைச் சங்கத்துக்குக் கொடுத்தார், ஆமாம். அவர்கள் கேட்காத வருஷமில்லை, சில வருஷம் இரண்டு தடவை கேட்டார்கள், ஆர்தருக்கு அது தொந்தரவாகவே இருந்தது. எல்லாம் உண்மை. ஃப்ரேன் தலையாட்டிக்கொண்டிருந்தார். வக்கீலம்மா என் பக்கம் கையைக் காட்டி, இவரிடம் நீங்களோ உங்கள் கணவரோ போகலாம் என்று சொன்னதுண்டா என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள், பதில் தெரிந்த கேள்வி மாதிரி.

மேவிஸ் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சந்தையில் ஆடு பார்க்கிற பார்வை.

"அவனா?" என்றாள். "அவன் யாருகிட்ட பேசியிருக்கான். என் புருஷன் செத்தன்னிக்குக்கூட மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுப் போனவன். அவனுக்குப் போய் நான் எதுக்குங்க அனுமதி குடுக்கப்போறேன்."

வக்கீலம்மா வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்தாள். அதிகாரி ஃபிளாஸ்க்கைத் திறந்தார்.

நான் சொன்னதும் பொய். அவள் சொன்னதும் பொய். இரண்டும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தின. பேசி வைத்துக்கொண்டு சொன்னதில்லை. பேசினால் வழக்கே போய்விடும்.

தீர்ப்பு பத்து வாரம் கழித்துத் தபாலில் வந்தது. பத்தொன்பது பக்கம். ஏழாவது பக்கத்தில் என்னைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. இந்தச் சாட்சியின் நடத்தையில் நிலக்காரரின் தயவை ஏற்றுக்கொண்டதற்கான சாயல்கூட இல்லை, டிரேசி கிடில் முதலானோர் நடந்ததும் இதையே காட்டுகிறது, ஆகவே இது பொது வழி என்று அதிகாரி எழுதியிருந்தார். ஹிலரி அந்தப் பத்தியைப் பெரிதாகப் பிரதி எடுத்துச் சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டினாள். கவுண்டி ஆள் வந்து பூட்டை அறுத்தான். தீர்ப்பை எதிர்ப்பவர்கள் ஆறு வாரத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம் என்று கடைசிப் பக்கத்தில் இருந்தது.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்குப் போனேன். மேவிஸ் ஜன்னலில் நின்றாள். கை ஆட்டவில்லை. பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்க்கவில்லை. மேலே வெளி மதிலின் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது, ஒரு சுற்றுக்கு வழக்கத்தைவிடப் பத்து நிமிஷம் கூடுதல் ஆனது. வீட்டுக்குப் போய் ஒன்பது மணி நேரம் தூங்கினேன்.

ஆறு வாரம் அப்படியே நடந்தது. அவள் வாசலில் ஃப்ரேனின் விறகு வருவது நின்றிருந்தது. அவளே சுள்ளி பொறுக்கி அடுக்கியிருந்தாள். அதைப் பற்றி யாரிடமும் கேட்க எனக்கு வழியில்லை. பேசாதவன் என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்திருக்கிறது.

நாற்பத்து மூன்றாம் நாள் அவள் கேட்டருகே நின்றாள். ஆர்தரின் கோட். வாளி இல்லை.

"ஆறு வாரம் ஆச்சா?"

"நேத்தோட ஆச்சு."

"கோர்ட்டுக்கு யாரும் போகலையே?"

போகவில்லை என்றேன். ஹிலரி விசாரித்துச் சொன்னாள் என்றேன். மேவிஸ் ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள்.

"இனி நான் பேசினா வழி போயிடாதே?"

"போகாது."

"அப்ப ஒண்ணு சொல்லணும். ஆறு வருஷமா சொல்லணும்னு இருந்தேன். அதுக்கு முன்னாடி ஆர்தரு பதினஞ்சு வருஷமா சொல்லணும்னு இருந்தாரு." கேட்டைக் காட்டினாள். "இதைச் சாத்தாமப் போறவன் நீதான். தெனமும். அந்தாளு சாப்பிட்டுக்கிட்டு இருக்கிறவரு எழுந்து வந்து சாத்துவாரு. நான் ஜன்னல்லேருந்து கைய ஆட்டி ஆட்டிக் காட்டினது எதுக்குன்னு நெனச்ச?"

நான் கேட்டைப் பார்த்தேன். திறந்துதான் கிடந்தது. இப்போதுதான் நுழைந்திருந்தேன்.

"சாத்திட்டுப் போ ராசா," என்றாள்.

திரும்பி வந்து இழுத்துச் சாத்தினேன். நிற்கவில்லை, தானாகத் திறந்துகொண்டது. கொண்டியை முதலில் மேலே தூக்கி, பிறகு அழுத்த வேண்டும் என்று அவள் காட்டினாள். இரண்டாம் முறை பிடித்துக்கொண்டது. பிறகு மேலே போனேன்.