அடுப்படியிலிருந்து வந்த சிப்பிகள்

எங்கள் ஃபயால் தீவிலிருந்து தென்மேற்கே ஒரு நாள் ஓட்டம் ஓடினால் கடலுக்கு அடியில் ஒரு மலைத்தொடர். மேலே ஒன்றும் தெரியாது. எண்ணூற்றைம்பது மீட்டர் கீழே, பாறை வெடிப்புகளிலிருந்து கொதிதண்ணீர் பீறிட்டுக்கொண்டே இருக்கிறது. வரைபடத்தில் அந்த இடத்துக்கு வாயில் நுழையாத ஒரு பேர் போட்டிருக்கும். கப்பலில் நாங்கள் அடுப்படி என்போம்.

அடுப்படியைச் சுற்றி, தண்ணீர் குளிர்ந்துவிடுகிற தூரத்தில், சிப்பிகள் மண்டிக் கிடக்கும். போன கோடையில் டாக்டர் ஒந்தீனா ஆளில்லாத இயந்திரம் ஒன்றை இறக்கி, அதன் கையாலேயே சிப்பிகளைப் பொறுக்கி, இரண்டு கூண்டுகளில் போட்டு அங்கேயே விட்டுவிட்டு வந்தார். மறு கோடையில் வந்து கூப்பிட்டால் கூண்டு மேலே வரவேண்டும். கூப்பிடுவது என்றால், தண்ணீருக்குள் ஒரு சத்தம் அனுப்புவது. அது கேட்டதும் கூண்டுக்கு அடியில் இருக்கிற எடை கழன்றுகொள்ளும். மிதவை கூண்டைத் தூக்கிக்கொண்டு வரும்.

ஃபயாலில் ஓர்த்தா துறைமுகத்தில் டாக்டருக்கு ஓர் ஆராய்ச்சிக்கூடம் உண்டு. இதற்கு முன்னால், முதல் தடவை கொண்டுபோன சிப்பிகள் குளிர்காலத்தில் ஒவ்வொன்றாகச் செத்து, தொட்டி காலி. இந்தத் தடவை முப்பது சிப்பியாவது உயிரோடு கரை சேரவில்லையென்றால் கூடத்தை மூடிவிடுவார்கள். கப்பலில் எல்லோருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்.

முதல் கூண்டு காலை எட்டு மணிக்கு வந்தது. மேல்தள வேலைக்கு நான்தான் மேஸ்திரி. மஞ்சள் மிதவையைக் கொக்கிக் கழியால் இழுத்துக் கிரேனில் மாட்டி நானே தூக்கினேன். மேல்தளத்தில் இறக்கியதும் அழுகின முட்டை நாற்றம். அறுபது சிப்பி இருக்கும், ஒவ்வொன்றும் என் கைவிரல் நீளம். டாக்டர் கைதட்டினார்.

"மேஸ்திரி, இதைக் குளிர்ச்சியா வைங்க. நான் மேல போய் ரெண்டாவது கூண்டைக் கூப்பிட்டுட்டு வந்துடறேன்."

"நீங்க போங்க டாக்டரம்மா. நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டேன். இருபத்தாறு வருஷம் சூரை மீன் படகில் இருந்தவன் நான். தளத்தில் மீன் விழுந்ததும் கை தானாக மண்வெட்டியைத் தேடும். சமையல்கட்டுக்குப் பின்னால் இருந்த பெட்டியிலிருந்து பொடித்த ஐஸை அள்ளிவந்து கீழே ஒரு படுகை, மேலே ஒரு படுகை, நடுவில் சிப்பி. அதற்கு மேல் ஈரச் சாக்கு. வேலை சுத்தமாக முடிந்தது. முட்டி வலியோடு ஒரு ஓரமாக உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்தேன்.

முக்கால் மணி கழித்துச் சமையல்காரன் செஃபெரீனோ வந்து சாக்கைத் தூக்கிப் பார்த்தான்.

"அட! பூண்டும் வெண்ணெயும் எடுத்துட்டு வரவா?"

"கைய எடுடா. டாக்டரோடது."

"டாக்டரோடதுன்னா ஏண்டா ஐஸ்ல புதைச்சு வச்சிருக்க? அந்தம்மாவுக்கு உயிரோட வேணும்டா. இது குழாய்த் தண்ணியில செஞ்ச ஐஸ். கடல்ல கெடந்ததை நல்ல தண்ணியில ஊறப் போட்டுட்டு சிகரெட் வேற குடிக்கிற."

சாக்கை வீசினேன். இரண்டு பேருமாகச் சிப்பிகளைக் கையால் தோண்டியெடுத்துக் கீழே குளிரறைக்கு ஓடினோம். அங்கே டாக்டர் நேற்றே கடல்தண்ணீர் நிரப்பித் தயாராக வைத்திருந்த தொட்டி இருந்தது. குளிர்ச்சியா வைங்க என்றது இதைத்தான். அறுபதையும் அதில் இறக்கினோம். எல்லாம் பூட்டுப் போட்ட மாதிரி மூடிக் கிடந்தன.

"ஒண்ணும் சொல்லாத," என்றான் செஃபெரீனோ. "ஐஸ் உருகிடும். யாருக்குத் தெரியப்போவுது?"

டாக்டர் இறங்கி வரும்போதே முகம் செத்திருந்தது. இரண்டாவது கூண்டு பதில் சொல்லவில்லை. பன்னிரண்டு தடவை கூப்பிட்டும் வரவில்லை. ஆக, இருப்பது இந்த ஒரு கூண்டுதான்.

தொட்டி முன்னால் நின்றார். ஒரு குழாயைத் திறந்து தண்ணீருக்குள் அந்த அழுகின முட்டை நாற்ற வாயுவைக் குமிழியாக விட்டார். அதுதான் அவற்றுக்குச் சாப்பாடு. அந்த நாற்றத்தைத் தின்று வாழும், கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் சிப்பியின் செவுளுக்குள் இருக்கின்றனவாம். அவை தின்றால் சிப்பிக்கும் வயிறு நிறையும்.

"முதல் தடவை அரை மணியில எல்லாம் திறந்துச்சு மேஸ்திரி. சாப்பாட்டைக் கண்டதும் பசங்க மாதிரி வாயத் திறந்துச்சு."

அரை மணி போனது. ஒரு மணியும் போனது. ஒன்றும் அசையவில்லை.

"மேல வர்ற வழியில அழுத்தம் மாறினதைத் தாங்கல போல," என்றார். குரல் சின்னதாகிவிட்டது. "அழுகறதுக்குள்ள அறுத்துச் சாராயத்துல போட்டுடணும். செத்ததுலேருந்தாவது ஏதாவது தெரியட்டும்."

சின்னக் கத்தியை எடுத்தார். முதல் சிப்பியைக் கையில் வைத்து, கத்தி முனையை இரண்டு ஓட்டுக்கும் நடுவே பொருத்தினார். கதவருகே நின்ற செஃபெரீனோ என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தான்.

பேசாமல் இருந்திருந்தால் அழுத்தத்தின் மேல் பழி போயிருக்கும். எனக்கும் இந்த வயதில் வேறு யார் வேலை தருவார்கள்? ஆனால் உயிரோடு இருக்கிறதை அறுத்துவிட்டால்?

"டாக்டரம்மா, நிறுத்துங்க. நான் ஐஸ் போட்டேன்."

"என்னது?"

"மேல. ஐஸ் போட்டு மூடி வச்சிருந்தேன். முக்கா மணி நேரம். நல்ல தண்ணி ஐஸ்."

கத்தி கையிலேயே நின்றது. "நான் என்ன சூரை மீனா ஏத்தச் சொன்னேன்? ஒரு வருஷம் காத்திருந்து... மேஸ்திரி, ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"கேட்டிருக்கணும்."

அவர் கவிழ்த்துப் போட்ட பெட்டி ஒன்றில் உட்கார்ந்துவிட்டார். செஃபெரீனோ மெதுவாக நழுவினான். நான் பேச்சை விடவில்லை.

"நம்ம கரையில மழை பேஞ்சா, பாறையில ஒட்டிக் கெடக்கற லாப்பாச் சிப்பி பாறையோட இறுகிக்கும். கத்தியே போகாது. வெயில் வந்து அலை நாலு தடவை அடிச்சாத்தான் இளகும். இதுவும் நல்ல தண்ணி பட்டு இறுகியிருக்கலாம். செத்த சிப்பி வாயப் பொளந்துல்ல கெடக்கும்?"

"லாப்பா வேற, இது வேற. ஒப்பிடாதீங்க," என்றார் எரிச்சலாக. ஆனால் கையிலிருந்த சிப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதைத் தண்ணீரில் விட்டுவிட்டுக் கத்தியை மேசையில் வைத்தார். "சாயங்காலச் சாப்பாட்டு மணி வரைக்கும். அதுக்கு மேல இல்ல."

மத்தியானச் சாப்பாட்டுக்கு நானும் டாக்டரும் போகவில்லை. செஃபெரீனோ சோளரொட்டியும் கோசுக்கீரை சூப்பும் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினான். "கழிவறையில உக்காந்து சாப்பிடற மாதிரி இருக்கும், ரசிச்சுக் குடிங்க!"

டாக்டர் சிரிக்கவில்லை. பாதிச் சூப்பை மட்டும் குடித்தார்.

மூன்று மணி சுமாருக்குத் தொட்டியின் மூலையில் ஒரு சிப்பி நகம் அளவுக்குத் திறந்தது. நான் முதலில் நம்பவில்லை. முழங்காலிட்டுக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிப் பார்த்தேன். உள்ளேயிருந்து வெளிர் நிறத்தில் நாக்கு மாதிரி ஒன்று நீண்டு தரையைத் துழாவியது.

"டாக்டரம்மா."

"பாத்துட்டேன். பேசாதீங்க. தொட்டிய ஆட்டாதீங்க."

பத்து நிமிஷத்தில் இன்னொன்று. அப்புறம் மூன்று சேர்ந்தாற்போல. அவர் எண்ணினார், நானும் எண்ணினேன், கணக்கு ஒத்துவரவில்லை, மறுபடி எண்ணினோம். மணி அடிக்கும்போது நாற்பத்து மூன்று திறந்திருந்தன. மற்றவை கடைசிவரை திறக்கவில்லை. அவற்றை மறுநாள் அறுத்தார்.

அன்று மணி அடித்ததும், "பதினேழு போச்சு," என்றேன். வெட்கமாக இருந்தது.

"நாப்பத்தி மூணு இருக்கு. முப்பதுதான் கேட்டேன்." எழுந்து முதுகை நெளித்தார். "சொல்லாம இருந்திருந்தா அறுபதையும் நானே கொன்னிருப்பேன். ஆனா இனிமே என் பொருள் பக்கத்துல ஐஸ் பெட்டியோட வந்தீங்க, உங்களை அதுலயே படுக்க வச்சுடுவேன்."

"சரி டாக்டரம்மா."

"சரியாவது! ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை தண்ணிய மாத்தணும், ஊர் போய்ச் சேர்ற வரைக்கும். யாரு மாத்தப் போறா?"

"நான்தான்."

மறுநாளும் இரண்டாவது கூண்டைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள், வரவில்லை. அது அடுப்படியிலேயே இருக்கட்டும் என்று கப்பலைத் திருப்பினார்கள். ஓர்த்தா வரும்வரை வாளி வாளியாகக் குளிர்ந்த கடல்தண்ணீர் சுமந்தேன். முட்டி கெஞ்சியது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் குனிந்து எண்ணிவிட்டுத்தான் படியேறினேன். நாற்பத்து மூன்றும் இருந்தன.

கரையில் டாக்டரின் ஆட்கள் தொட்டியை வண்டியில் ஏற்றினார்கள். அவர் வண்டியிலிருந்து கையாட்டினார். நான் வீட்டுக்கு நடந்தேன். என் மனைவி எடெல்வீனா கதவைத் திறந்து, ஒரு தடவை மூச்சிழுத்து, சட்டையை வாசலிலேயே கழற்றச் சொன்னாள். கழற்றினேன்.