சூடடிக்கிறவர்

“மெசின் எங்க நிக்கிது மச்சான்?” என்று அச்சிமுகம்மது கேட்டார்.

“எந்த மெசின்?” என்றார் ஆதம்பாவா.

“நல்லாக் கேட்டீங்க! ட்ரக்டர்தான். சூடடிக்கிற மெசின்.”

அச்சிமுகம்மது சம்மாந்துறையிலிருந்து வீடு பார்க்க வந்திருந்தார். மகன் சாலிஹ் கலியாணம் முடித்து வந்து குடியிருக்கப்போகிற வீடு அல்லவா? கதவைத் தட்டிப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார், கூரையில் ஏறாததுதான் குறை. அவர் மனைவி ஸகியா, ஆதம்பாவாவின் மகள் ஜுனைதாவை நடக்கவிட்டும் இருக்கவிட்டும் பார்த்து முடித்திருந்தாள். எல்லாம் திருப்தி. மிச்சம் மெசின் மட்டும்.

ஆதம்பாவாவுக்கு மெல்லத்தான் விளங்கியது. விசாரிக்க வந்த ஆளிடம் கல்முனைச் சந்தையில் எவனோ, “ஆதம்பாவாவா? சூடா அடிக்கிற மனிசன்” என்று சொல்லியிருக்கிறான். பாராட்டாகத்தான் சொல்லியிருப்பான். வயல்காரன் காதில் அது வேறு மாதிரி விழும். கதிரைக் களத்தில் குவித்து, ட்ரக்டரை ஏற்றி மிதித்து நெல் பிரிப்பதற்கு அங்கே சூடடிப்பு என்று பெயர். அப்படிப்பட்டவர் வீட்டில் சம்பந்தம் என்றால் கசக்குமா?

ஆதம்பாவா அடித்தது ட்ரம்ஸ். அறுபத்தேழில் சுவாம்பிள்ளையின் சிரிப்பு இசைக் கோஷ்டியில் சேர்ந்தவர், இது எண்பத்தொன்று. சுவாம்பிள்ளை அக்கோடியனை மாட்டிக்கொண்டு மாமியாரைப் பற்றிப் பாடி, நடுவில் ஒரு பகிடி விடுவார். பகிடிக்கும் சனத்தின் சிரிப்புக்கும் இடையில் ஒரு மூச்சளவு இடம். அதில் விழவேண்டும் அடி. முந்தினால் பகிடி மௌத்து, பிறக்குமுன்னே செத்துவிடும். பிந்தினால் மையித்து நாறிவிடும். எழுபத்தெட்டில் புயல் பெரிய ட்ரம்மைக் கொண்டுபோனது. ஆதம்பாவா பிஸ்கட் தகரமொன்றைத் தேடியெடுத்து, வீடிழந்தவர்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில் அடித்தார். கூரையில்லாத சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

ஆனால் ‘கொட்டுக்காரன்ட மகள்’ என்று இதுவரை மூன்று மாப்பிள்ளைப் பேச்சு திரும்பிப் போயிருந்தது. இது நாலாவது.

தேத்தண்ணி கொண்டுவருகிற சாட்டில் மனைவி ஸுலைஹா அவர் காதருகில் குனிந்தாள். “இஞ்சேருங்க, வாயத் துறக்காதீங்க. மெசின் பழுதாப் போச்செண்டு சொல்லுங்க. நிக்காஹ் முடியட்டும், மறுகா பாப்பம்.”

நல்ல யோசனைதான். கிழிசலை உள்ளே மடித்துப் புடவை விற்கிற கடைக்காரனுக்கும் அது நல்ல யோசனைதான், வாங்கினவள் வீட்டுக்குப் போய் விரிக்கும்வரை.

“இந்தப் போகம் எங்கட வெள்ளாம ஒம்பது ஏக்கர்,” என்றார் அச்சிமுகம்மது. “சம்பந்திமாராகப் போறம். கூலி கீலி கேக்கமாட்டீங்கதானே?”

ஸுலைஹா அவசரமாகச் சிரித்தாள். ஆதம்பாவா ‘பழுது’ என்ற சொல்லை நாக்கு நுனி வரை கொண்டுவந்துவிட்டார். அப்போது கதவடியிலிருந்து ஜுனைதாவின் குரல் வந்தது.

“வாப்பா, உள்ளதச் சொல்லுங்க.”

முக்காட்டுக்குள் அவள் முகம் வெளிறியிருந்தது. சாலிஹை அவளுக்குப் பிடித்திருக்கிறது என்பது வீட்டுப் பூனைக்கும் தெரியும்.

“கூலி கேக்கமாட்டன் மச்சான்,” என்றார் ஆதம்பாவா. “ஆனா நான் சூடடிக்கிறவன் இல்ல. சூடா அடிக்கிறவன்.”

“விளங்கல்லியே.”

“ட்ரம்ஸ். சுவாம்பிள்ளட சிரிப்புக் கோஷ்டியில பதினாலு வருசம். எங்கட வூட்டுல மெசின் இல்ல, ட்ரம்ஸ்தான் இரிக்கி. அத உங்கட வெள்ளாமைக்கு மேல ஏத்தினா ஒரு நெல்லும் உதிராது.”

ஸுலைஹா கண்ணை மூடிக்கொண்டாள். வெளியே ஒரு சைக்கிள் மணி அடித்து ஓய்ந்தது.

பதினாலு வருடத்தில் ஆதம்பாவா இரண்டு விதமான மௌனம் கேட்டிருக்கிறார். சனத்துக்குப் பிடிக்காத மௌனம் ஒன்று; இப்போதுதான் விளங்கிக்கொண்டிருக்கிற மௌனம் மற்றது. முகத்தைப் பார்த்து இன்னதென்று சொல்ல முடியாது; சிரிப்பு முதலில் வயிற்றில்தான் கிளம்பும். அச்சிமுகம்மதுவின் முகமோ பூட்டின கடை. ஒரு மயிர் அசையவில்லை.

ஆதம்பாவா கண்ணைக் கொஞ்சம் கீழே இறக்கினார். அந்த மனிதரின் வயிற்றுக்கு மேல் இறுகிக் கிடந்த வெள்ளைச் சட்டையில் மூன்றாவது பொத்தான் இலேசாக நடுங்கத் தொடங்கியது.